பெரிசா இருக்கிற ஜிம்னாஸ்டிக்ஸ் லியோடார்டைச் சின்னப் பிள்ளைக்குப் பிடிச்சுத் தைப்பது எப்படி?

சாட்ஸ்வொர்த் அம்மா எழுதியது:

அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம். மகளுக்கு எட்டு வயசு. பெரிய பிள்ளை ஒருத்தி போட்டுக் கழிச்ச போட்டி லியோடார்ட் (உடம்போடு ஒட்டி நிற்கிற ஒரே துண்டு உடுப்பு) ஒண்ணு கைக்கு வந்திருக்கு. லேபிளில் 12 வயசு அளவு. முழுக்கை, நைலான் ஸ்பாண்டெக்ஸ். நெஞ்சில் மின்னுற ஃபாயில் துணி, கழுத்து ஓரத்தில் சூடு வச்சு ஒட்டின கல், முதுகில் துளி வடிவத் திறப்பு, மேலே ஒரு கொக்கி.

பிள்ளையின் அளவு, எல்லாம் செ.மீ. கணக்கு: நெஞ்சு 60, இடுப்பு 54, பின்புறம் அகலமான இடத்தில் 64, மேல்கை 19. லியோடார்டை மேசையில் இழுக்காமல் விரிச்சு அளந்தால் நெஞ்சுச் சுற்று 62, இடுப்பு 56, பின்புறம் 62, கை மேல்பக்கம் 22.

போட்டுப் பார்த்தால் அக்குள் தொங்குது, பின்பக்கம் பை மாதிரி நிற்குது. ஆனா கையைத் தூக்கினால் கால் விளிம்பு மேலே ஏறி வெட்டுது. பெரிசா இருக்கிற உடுப்பு எப்படி வெட்டும்னு புரியலை. இரண்டு பக்கத் தையலையும் உள்ளே பிடிச்சால் போதுமா? வீட்டில் எம்பிசல் மெஷின், ஜிக்ஜாக் உண்டு, ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் கிடையாது. போட்டிக்கு மூணு வாரம் இருக்கு.


ஊசிக்கண் (பீனிக்ஸ்) எழுதியது:

தங்கச்சி, பக்கத் தையலை இப்போ தொட வேண்டாம். நீங்க குடுத்தது எல்லாம் குறுக்கு அளவு. லியோடார்டுக்கு முதல் அளவு நெடுக்குச் சுற்றுதான். இன்ச் டேப்பை ஒரு தோளின் நடுவில் வச்சு, முன்பக்கமா இறக்கி, கவட்டை வழியா எடுத்து, முதுகில் ஏத்தித் திரும்ப அதே தோளுக்குக் கொண்டு வாங்க. பிள்ளை நேரா நிற்கணும், டேப் உடம்பில் படணும், அழுத்தக் கூடாது. லியோடார்டிலும் அதே வழிதான்: தோள்தையலின் நடுவிலிருந்து கவட்டைத் தையல் வரை முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு, இரண்டையும் கூட்டுங்க.

அந்த இரண்டு எண்ணும் வந்த பிறகு பேசலாம்.


சாட்ஸ்வொர்த் அம்மா எழுதியது:

பிள்ளைக்கு 112. லியோடார்ட் முன்பக்கம் 57, பின்பக்கம் 59, ஆக 116.


நூல்கண்டு (மெரிபேங்க்) எழுதியது:

நாலு செ.மீ. தானே அதிகம்? தோள்தையலைப் பிரிச்சு இரண்டு செ.மீ. உள்ளே தள்ளித் தைச்சால் முடிஞ்சது. முன்னே 2, பின்னே 2. கவட்டையைத் தொடவே வேண்டாம்.


ஊசிக்கண் எழுதியது:

நூல்கண்டு அண்ணே, இரண்டு இடத்தில் இடிக்குது.

முதலாவது, நாலு இல்லை. லியோடார்ட் துணி உடம்பைவிடச் சின்னதா இருந்தால்தான் ஒட்டி நிற்கும். நாலு பக்கமும் நல்லா நீளுற நைலான் ஸ்பாண்டெக்ஸில் குறுக்கே உடம்பளவில் பத்துக்கு ஒன்பது பங்கு வைக்கிறது வழக்கம். நெடுக்கே அவ்வளவு குறைச்சால் தோளை அமுக்கும், நூற்றுக்கு ஆறிலிருந்து எட்டு குறைச்சால் போதும். 112-க்கு எட்டு சதம் கழிச்சால் 103, ஆறு சதம் கழிச்சால் 105. முதல் கணக்குக்கு 104 வச்சுக்குங்க. அப்போ எடுக்க வேண்டியது 12 செ.மீ.

இரண்டாவது, இது முழுக்கை. தோள்தையலைத் தொட்டால் கையின் தலைப்பைக் கழட்டணும். தோளில் 2 செ.மீ. ஏத்தினால் கைவளைவு மொத்தத்தில் 4 செ.மீ. சுருங்கும், கையோ பழைய அளவிலேயே இருக்கும், இரண்டும் சேராது. கழுத்தும் மேலே வந்து தொண்டையில் ஏறும். போதாததுக்கு நெஞ்சு ஃபாயில் துணி. அதில் ஊசி போன ஓட்டை மறையாது, பிரிச்ச தையல் வரிசையா புள்ளி வச்ச மாதிரி தெரியும். கையில்லாத லியோடார்டு, அதுவும் கைவளைவு தொங்குறதா இருந்தால் தோள்தையல் நல்ல வழி. இங்கே வேண்டாம்.

தங்கச்சி கேட்ட அந்தக் கேள்விக்கு, பெரிய லியோடார்ட் கையைத் தூக்கும்போது ஏன் வெட்டுதுன்னா, அக்குள் கீழே தொங்குறதால். கை மேலே போகும்போது துணி அக்குளில் மடங்கி நிற்க இடம் இல்லை. அக்குள் முனை விலா எலும்புப் பக்கத்தில் கிடக்குது, கை அதைப் பிடிச்சு இழுக்குது, பக்கத் துணி முழுக்க மேலே போகுது, கால் விளிம்பும் கூடவே போகுது. அக்குள் முனை உடம்பின் அக்குளுக்கு ஒரு விரல் கீழே வந்து நின்னால் இந்த இழுப்பு நின்னுடும். நீளம் குறைச்சால் இன்னும் வெட்டும்னு பயந்து நிறையப் பேர் நீளத்தை விட்டுட்டு அகலத்தை மட்டும் பிடிக்கிறாங்க. அப்புறம் குழாய் மாதிரி இறுகின லியோடார்டில் பின்பக்கப் பை அப்படியே இருக்கும்.

என் கணக்கு இது. இடுப்பில் சுற்றிலும் ஒரு மடிப்பு, ஆழம் 2.5. கவட்டைத் தையலில் முன்பின் 1 செ.மீ. அதுக்கு அப்புறம்தான் பக்கத் தையல்.


நூல்கண்டு எழுதியது:

தோள் விஷயம் சரி, ஒத்துக்கிறேன். ஆனா 2.5 மடிப்பு 5 செ.மீ. தானே குறைக்கும்? கவட்டை 2. ஏழுதானே ஆகுது?


ஊசிக்கண் எழுதியது:

மடிப்பு முன்பக்கமும் ஓடுது, பின்பக்கமும் ஓடுது. 2.5 ஆழம் மடிச்சால் முன்னே 5 போகும், பின்னே 5 போகும். நெடுக்குச் சுற்று இரண்டையும் கடக்குறதால் 10. கவட்டையில் முன்னே 1, பின்னே 1, ஆக 2. மொத்தம் 12.

பக்கத் தையலிலும் இதே மாதிரிதான் தப்பு நடக்கும். பிள்ளையின் நெஞ்சு 60, அதில் பத்துக்கு ஒன்பது பங்கு 54. அப்போ லியோடார்ட் நெஞ்சு 62-லிருந்து 54-க்கு வரணும், 8 எடுக்கணும். ஒரு பக்கத்தில் பிடிக்கும்போது முன்துணியும் பின்துணியும் சேர்ந்து போகும், அந்த மாதிரி இரண்டு பக்கம். எட்டை நாலால் வகுத்தால் 2. பழைய தையலிலிருந்து உள்ளே 2 செ.மீ. தள்ளிக் கோடு. இடுப்பு 56-லிருந்து 49, அதுக்கு 1.75. பின்புறம் 62-லிருந்து 57, அதுக்கு 1.25. எட்டையும் ஒரே பக்கத்தில் பிடிச்சுக் கொண்டு வந்து காட்டுறவங்க உண்டு, முன்பின் நடுக்கோடு விலாவுக்குப் போயிருக்கும்.

நீளம் முதல், அகலம் பின்னே. இந்த வரிசை மாறக் கூடாது. இடுப்பில் 5 செ.மீ. மடிச்சதும் கீழே இருந்த பின்புற அகலம் மேலே வந்து ஒரு படி மாதிரி நிற்கும். அந்தப் படியைச் சமப்படுத்துற வேலை பக்கத் தையலுக்கு. முன்னாடியே பக்கத்தைப் பிடிச்சிருந்தால் ஒல்லி இடுப்பு தப்பான உயரத்தில் மாட்டிக்கும்.


பார்பிடி எழுதியது:

பயிற்சி அறையில் நிற்கிறவர்களின் பக்கத்திலிருந்து சில வார்த்தை. இடுப்பு மடிப்பு நல்ல யோசனை, ஆனால் எங்கே என்பதுதான் முக்கியம். பாரில் பிள்ளை முன்பக்கமாகச் சாயும்போது கம்பி படுவது இடுப்பு எலும்புக்குக் கீழே, தொடை மடங்கும் இடத்தில். அங்கே தடித்த தையல் இருந்தால் ஒரே பயிற்சியில் தோல் சிவந்துவிடும். மடிப்பு இடுப்பு எலும்பின் மேல்முனைக்கு 3 அல்லது 4 செ.மீ. மேலே, பக்கவாட்டில் வளைந்தால் மடங்கும் அந்த இயல்பான இடுப்பில் இருக்கட்டும்.

நூல் முடிச்சு முதுகெலும்பின் மேல் வரக் கூடாது. பின்னுருளலில் ஒவ்வொரு தடவையும் அது குத்தும். தையலைப் பக்கத்தில் தொடங்கிப் பக்கத்திலேயே முடியுங்கள்.

தளர்ந்த துணி பார்க்க அழகில்லை என்பதோடு விஷயம் முடியவில்லை. பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கும் கை அக்குள் துணியிலோ இடுப்புத் துணியிலோ சிக்கினால், பிடி உடம்பில் விழாமல் துணியில் விழுகிறது. அதனால்தான் பெரிய லியோடார்டைக் குண்டூசியோ ஊக்கோ குத்தி அனுப்ப வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். ஒரு நாள் பயிற்சிக்குக்கூட வேண்டாம்.

போட்டி உடை விதியையும் மனதில் வையுங்கள். சர்வதேசக் கூட்டமைப்பின் மகளிர் விதியில் தோள்பட்டி குறைந்தது 2 செ.மீ. அகலம், கால் வெட்டு இடுப்பு எலும்பைத் தாண்டி ஏறக் கூடாது, முன்கழுத்து மார்பெலும்பின் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளின் உள்ளூர்ப் போட்டியில் எதை எவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பார்கள் என்பதை உங்கள் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கால் விளிம்பைப் புதிதாகத் தைக்கும்போது இந்தக் கோட்டை மீறாமல் தைத்தால் எங்கேயும் பிரச்சினை வராது.


சாட்ஸ்வொர்த் அம்மா எழுதியது:

இடுப்பில் புதுத் தையல் வெளியே கோடு மாதிரி தெரியாதா? ஃபாயிலும் சாதாத் துணியும் சேருற தையல் நெஞ்சுக்குக் கீழே V வடிவில் இருக்கு. அதிலேயே பிடிச்சுட்டால் புதுக்கோடு வராதே?


ஊசிக்கண் எழுதியது:

நேரா ஓடுற சேர்ப்பா இருந்தால் அதுதான் முதல் இடம். V வடிவில் 2.5 பிடிக்க முடியாது. முனையில் ஒரு துணி வெளியே வளையும், மத்தது உள்ளே வளையும், ஆழமாப் போகப் போக இரண்டின் நீளமும் மாறி முனை சுருங்கிக் கிழியுற மாதிரி நிற்கும். வளைவில் அரை செ.மீ.க்கு மேல் ஆசைப்படாதீங்க.

இடுப்புக் கோடு தெரியும், மறைக்க வேண்டாம். ஒரு நேர்கோடு வடிவமைப்பு மாதிரியே இருக்கும். பிடிக்கலைன்னா அதே நைலான் ஸ்பாண்டெக்ஸில் 2.5 செ.மீ. பட்டி வெட்டி இரண்டு ஓரமும் ஜிக்ஜாக் போட்டு மேலே வச்சுத் தைக்கலாம். பட்டியும் நீளுற துணியா இருக்கணும். நீளாத சாட்டின் ரிப்பன் வச்சால் இடுப்பைக் கட்டின மாதிரி ஆகிடும், போடும்போதே தையல் அறும்.


மாரிட்ஸ்பர்க் மாமி எழுதியது:

மெஷின் அமைப்பை நான் சொல்றேன் கண்ணு. பரதநாட்டிய உடை தைச்சுப் பழகினவங்க இதில் தடுமாறுவாங்க. பட்டு நீளாது, நேர்த்தையல் தாங்கும். இந்தத் துணி ஒன்றரை மடங்கு நீளும், நேர்த்தையல் நூல் நீளாது, பிள்ளை காலை முழுசா விரிச்சுத் தரையில் உட்கார்ற முதல் ஸ்ப்ளிட்டிலேயே பட்டுப்பட்டுன்னு அறும்.

ஊசி ஸ்ட்ரெட்ச் ஊசி, 75/11. சாதா ஊசி முனை இழையைக் குத்தி அறுக்கும், இரண்டு நாளில் தையல் ஓரமா ஏணி மாதிரி ஓடும். தையல் விட்டு விட்டு விழுந்தால் நூலைத் திட்டாதே, ஊசியை மாத்து. ஜெர்சி ஊசியும் முனை உருண்டைதான், ஆனா ஸ்பாண்டெக்ஸ் அதிகம் இருந்தால் அதிலும் தையல் விடும்.

நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் வேண்டாம். ஜிக்ஜாக் அகலம் 1.5 மி.மீ., நீளம் 2 முதல் 2.5. மேல்நூல் இழுப்பைக் கொஞ்சம் தளர்த்து. அழுத்துபாதத்தின் அழுத்தத்தைக் குறைக்க வசதி இருந்தால் குறை, இல்லைன்னா துணி அலை அலையா நீண்டு வரும். துணியை நகர்த்துற மெஷின் பல்லுக்கும் துணிக்கும் நடுவில் மெல்லிய டிஷ்யூ தாள் வச்சுத் தைச்சால் அடங்கும், முடிஞ்சதும் கிழிச்சு எடுத்துடலாம்.

தைக்கும்போது துணியை இழுக்காதே. லேசாத் தட்டையாப் பிடிச்சால் போதும். தைச்ச பிறகு தையலை ரெண்டு கையாலும் இழுத்துப் பார், நூல் அறுந்தால் நீளத்தைக் குறை, அகலத்தைக் கூட்டு. இதெல்லாம் முதலில் ஒரு துண்டுத் துணியில். பழைய நீச்சலுடை இருந்தால் அதை வெட்டிப் பழகிக்கோ, கிட்டத்தட்ட இதே துணிதான்.

ஓவர்லாக் இல்லைன்னு கவலைப்படாதே. இந்தத் துணி ஓரம் பிரியாது. முதல் தையலுக்கு 4 மி.மீ. தள்ளி இன்னொரு ஜிக்ஜாக், அகலம் 3. அதுவே போதும்.


வெள்ளிநூல் எழுதியது:

கழுத்துக் கல் பத்தி யாரும் சொல்லலை. சூடு வச்சு ஒட்டின கல் தையல் பாதையில் வந்தால் ஊசி உடைஞ்சு துண்டு தெறிக்கும். பக்கத் தையல் அக்குளுக்கு ஏறுற இடத்தில் கல் இருக்கான்னு முதலில் பாருங்க. இருந்தால் கோட்டுக்கு இரண்டு பக்கமும் 1 செ.மீ. கல்லை எடுத்துடுங்க. கல் ஒட்டுற சூட்டுக்கோலை மேலே சில விநாடி வச்சால் பசை இளகும், சாமணத்தால் தூக்கலாம். நகத்தால் நெம்பினால் துணியும் கூட வரும்.

இஸ்திரிப் பெட்டியை ஃபாயில் பக்கம் கொண்டு போகவே வேண்டாம், மினுமினுப்பு உரிஞ்சு போகும். ஃபாயிலில் குண்டூசியும் வேண்டாம், துணிக்கிளிப் போடுங்க. குண்டூசி குத்தணும்னா தையலுக்கு வெளியே போகப் போற துணியில் மட்டும்.


நூல்கண்டு எழுதியது:

கால் எலாஸ்டிக்கை யாரும் பேசலை. பழைய லியோடார்டுன்னா அதை முழுசா மாத்துறதே மேல்னு நான் சொல்லுவேன். டர்பன் புழுக்கத்தில் அலமாரியில் கிடந்த ரப்பர் எலாஸ்டிக் உள்ளுக்குள்ளேயே உளுத்திருக்கும். இழுத்துக் காதுப் பக்கம் வச்சால் நறநறன்னு சத்தம் கேட்கும்.


ஊசிக்கண் எழுதியது:

இந்தத் தடவை அண்ணன் சொல்றது முழுக்கச் சரி. பக்கத் தையலும் கவட்டைத் தையலும் கால் விளிம்பில்தான் வந்து முடியுது. எலாஸ்டிக்கோடு சேர்த்து மேலே மேலே தைச்சால் அந்த இரண்டு இடமும் கட்டியா நிற்கும், தொடையை உரசும். முழுசா பிரிச்சுட்டுப் புதுசு போடுறது வேலை குறைவு.

நீச்சலுடைக்குன்னு விக்கிற எலாஸ்டிக் வாங்குங்க, அகலம் 8 மி.மீ. டர்பன் கிரே ஸ்ட்ரீட், அதாவது இப்போதைய டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட் துணிக்கடைப் பக்கம் மீட்டர் கணக்கில் கேளுங்க. இரண்டு காலுக்கும் ஒரு மீட்டர் போதும், கை தவறினால்னு ஒன்றரை வாங்குங்க.

நீளம்: பக்கமும் கவட்டையும் தைச்சு முடிச்ச பிறகு கால் திறப்பை அளங்க. உதாரணத்துக்கு 44 வந்தால் எலாஸ்டிக் 40, சேர்க்க மேலே 1. அந்த 4 செ.மீ. இழுப்பைச் சுற்றிலும் பங்கு போடாதீங்க. முன்பக்கம் ஒன்றுக்கு ஒன்று, இழுக்காமல். பின்பக்க வளைவில் மட்டும் முழு இழுப்பும். முன்னே இழுத்தால் தொடை மடிப்பில் அறுக்கும், பின்னே இழுக்காவிட்டால் விளிம்பு பின்பக்கத்துக்குள்ளே ஏறும். பிள்ளைங்க நடுப்போட்டியில் உடுப்பை இழுத்து விடுறதுக்கு முக்காலும் இந்த ஒண்ணுதான் காரணம்.

எலாஸ்டிக்கின் இரு முனையையும் ஒன்று மேல் ஒன்று 1 செ.மீ. வச்சுத் தட்டையாத் தைங்க, சேர்ப்பு பின்பக்கம் கவட்டைக்கும் பக்கத் தையலுக்கும் நடுவில் வரட்டும். துணியின் உள்பக்கம் ஓரத்தோடு ஓரமா வச்சு ஜிக்ஜாக், அகலம் 4, நீளம் 3. அப்புறம் ஒரு மடிப்பு உள்ளே மடிச்சு வெளிப்பக்கமிருந்து மூணு படி ஜிக்ஜாக், அதாவது ஒவ்வொரு சாய்வும் மூணு சின்னத் தையலா விழுறது. இரட்டை ஊசி போட்டால் பார்க்க அழகு, ஆனா கால் விளிம்பில் பாபின் நூல் அடிக்கடி அறும்.


சாட்ஸ்வொர்த் அம்மா எழுதியது:

கவட்டையில் உள்துணி இருக்கு. அதையும் சேர்த்துப் பிடிக்கணுமா?


ஊசிக்கண் எழுதியது:

சேர்த்துத்தான். முதலில் கால் எலாஸ்டிக்கை எடுத்துடுங்க, உள்துணி வெளித்துணி இரண்டின் ஓரத்தையும் ஓட்டுத்தையல் போட்டு ஒண்ணாக்குங்க, அப்புறம் பழைய தையலுக்கு 1 செ.மீ. தள்ளித் தைங்க. ஒன்றுக்கு மேல் போகாதீங்க. கவட்டையில் ஒடுக்கமான இடம் அந்தத் தையல்தான். அதை வெட்டி எறிஞ்சால் மேலே அகலமான இடம் கீழே வரும், தொடைக்கு நடுவில் துணி சுருண்டு நிற்கும். இன்னும் நீளம் குறைக்கணும்னா இடுப்பு மடிப்பில் எடுங்க.

கை: பக்கத் தையலும் கையின் அடித்தையலும் ஒரே கோடு. நெஞ்சில் உள்ளே தள்ளின 2 செ.மீ. அக்குளைத் தாண்டிக் கையிலும் 2-ஆவே போகணும். மேல்கை 22-லிருந்து 18 ஆகும், உங்க பிள்ளைக்கு 19, சரியா வரும். அங்கிருந்து முழங்கை வரை மெல்லக் குறைச்சு, மணிக்கட்டில் தேவையான அளவு. அக்குளில் கூர்மூலை வேண்டாம், வளைவா வாங்க. கைவளைவு அக்குளிலிருந்து மேல்நோக்கிப் போற வளைவு, அதனால் 2 செ.மீ. உள்ளே வரும்போதே அக்குள் முனை கொஞ்சம் மேலே ஏறிடும். தோளைத் தொடாமலே அந்தத் தொங்கல் தீர்றது இப்படித்தான்.

கை நீளம் அதிகம்னா மணிக்கட்டில் வெட்டி மடிங்க, மணிக்கட்டு எலும்பைத் தாண்டாமல்.


மாரிட்ஸ்பர்க் மாமி எழுதியது:

எதையும் மெஷினில் வைக்கும் முன்னே கையால் நீளமா ஓட்டித் தை. முடிச்சு போடாமல் நுனியை விட்டுடு, இழுத்தால் வர்ற மாதிரி. ஓட்டின உடுப்பைப் போட்டு ஆட வைக்கக் கூடாது, நூல் அறும். மெதுவாச் செய்யச் சொல்லு: இரண்டு கையும் மேலே, குனிஞ்சு தரை தொடுறது, பின்னால் வளைஞ்சு கை ஊன்றி மெதுவா ஒரு பாலம், ஒரு ஸ்ப்ளிட். ஒவ்வொன்றுக்கும் அப்புறம் கால் விளிம்பு எங்கே நிற்குதுன்னு பார். உடுப்பைப் பிள்ளையே கையால் சரி பண்ணினால் அந்த இடத்தில் கோளாறுன்னு அர்த்தம்.


பார்பிடி எழுதியது:

சரியான பொருத்தத்துக்கு இன்னும் மூன்று பார்வை. தோள் துணியை நடுவில் பிடித்துத் தூக்கினால் இரண்டு, மூன்று செ.மீ. எளிதாக எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் நெடுக்கே இறுக்கம். கால் எலாஸ்டிக்கின் கீழ் இரண்டு விரல் நுழைய வேண்டும். கழற்றியபின் தோளிலும் தொடையிலும் பதிந்த கோடு கால் மணி நேரத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால் அந்த எலாஸ்டிக் குட்டை.

பிள்ளை வாயால் சொல்வதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கவட்டையில் அறுக்கிறது என்று எட்டு வயதுப் பிள்ளை எல்லார் முன்னாலும் சொல்லாது, தனியாகக் கேட்க வேண்டும்.


சாட்ஸ்வொர்த் அம்மா எழுதியது:

ஓட்டிப் போட்டுப் பார்த்தேன். கை தூக்கினால் இப்போ கால் விளிம்பு ஏறலை, அக்குள் சரியா உட்காருது. பாலம் போட்டால் நல்லா இருக்கு. குனிஞ்சு தரை தொட்டால் மட்டும் பின்பக்கக் கால் விளிம்பு மேலே இழுக்குது, கழுத்துப் பின்பக்கக் கொக்கியும் இழுபடுது. நெடுக்குச் சுற்று 104-தான் வந்திருக்கு.


ஊசிக்கண் எழுதியது:

முதுகு நீளம் போதலை. குனியும்போது முதுகுப்பக்கம்தான் நீளுது. மடிப்பைப் பின்பக்கம் மட்டும் 2.5-லிருந்து 2-ஆக் குறைங்க. முன்பக்கம் அப்படியே. பக்கத் தையல் பக்கத்தில் 5 செ.மீ. தூரத்துக்குள் 2.5-லிருந்து 2-க்கு மெல்ல இறக்குங்க, படி விழக் கூடாது. அப்போ முன்னே 5, பின்னே 4, கவட்டை 2, ஆக 11. நெடுக்குச் சுற்று 105 ஆகும், நாம வச்ச எல்லைக்குள்ளேதான். அந்த ஒரு செ.மீ. முழுக்க முதுகுக்குக் கிடைக்கும்.

துளித் திறப்பு இருக்கிற லியோடார்டில் இதைக் கட்டாயம் பார்க்கணும். முதுகு குட்டையா இருந்தால் திறப்பு கண் மாதிரி வாய் பிளக்கும், கொக்கித் தையல் பிய்யும்.


வெள்ளிநூல் எழுதியது:

மடிப்புக்குள்ளே இரண்டு அடுக்குத் துணி 2.5 செ.மீ. தொங்குமே, அதை வெட்டிடலாமா?


பார்பிடி எழுதியது:

என்னைக் கேட்டால் 7 மி.மீ. விட்டு வெட்டிவிடலாம். தரையில் குப்புறப் படுக்கும் பயிற்சியில் தடித்த துணி உறுத்தும்.


ஊசிக்கண் எழுதியது:

நான் வெட்ட மாட்டேன். எட்டு வயசுப் பிள்ளை வருஷத்துக்கு அஞ்சு, ஆறு செ.மீ. வளரும். இந்த மடிப்பைப் பிரிச்சால் அடுத்த வருஷமும் இதே லியோடார்ட் போடலாம். வெட்டினால் இந்த ஒரு வருஷத்தோடு சரி. உறுத்தாமல் இருக்க வழி இருக்கு: மடிப்பை மேல்நோக்கித் திருப்பி வைங்க, கீழ்நோக்கி வச்சால் பார் படுற இடத்துக்கு இறங்கிடும். மேல்விளிம்பைத் தளர்வான குறுக்குத் தையலால், கைத்தையல்தான், உள்பக்கத் துணியின் ஓர் இழையை மட்டும் கிள்ளிப் பிடிச்சு நிறுத்துங்க. ஒவ்வொரு 3 செ.மீ.க்கும் நூலைத் தளர விட்டுத் துணியை இழுத்துப் பாருங்க. சுருட்டிக்காது, வெளியிலும் தெரியாது.

பிரிக்கப் போற தையலுக்கு இன்னொரு குறிப்பு. மடிப்பைச் சாதாத் துணிப் பகுதியில் மட்டும் போடுங்க, அதில் ஊசி ஓட்டை ஒரு துவைப்பில் அடங்கிடும். பக்கத் தையலில் ஃபாயில் வர்ற இடத்தில் பிரிக்கிற ஆசையே வேண்டாம். அங்கே பழைய தையலைப் பிரிக்காமலே புதுத் தையலை உள்ளே போடுறோம், மிச்சத்தை 1 செ.மீ. விட்டு வெட்டிடலாம். அகலத்தைவிட நீளம்தான் சீக்கிரம் போதாமப் போகும்.


பார்பிடி எழுதியது:

மேல்நோக்கித் திருப்பித் தைப்பதாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதல் பயிற்சிக்குப் பிறகு அந்த இடத்துத் தோலை ஒரு தடவை பாருங்கள்.


நூல்கண்டு எழுதியது:

மெஷின் இல்லாதவங்க கேட்டால்? முழுக்கக் கையால் முடியுமா?


மாரிட்ஸ்பர்க் மாமி எழுதியது:

முடியும். பின்தையல், ஒவ்வொன்றும் 3 மி.மீ., பாலியஸ்டர் நூல் ஒற்றையா. ஒவ்வொரு 5 செ.மீ.க்கும் துணியை இழுத்து நூலுக்குத் தளர்வு குடுத்துட்டு மேலே போ. இரண்டு பக்கத் தையலும் ஒரு சாயங்காலத்தில் முடியும். கால் எலாஸ்டிக்கை மட்டும் கையால் செய்யாதே, அது தாங்காது. தெருவில் மெஷின் வச்சிருக்கிறவங்க கிட்ட அந்த இரண்டு காலையும் குடுத்துடு.

வெல்வெட் லியோடார்டா இருந்தால் கையால் ஓட்டாமல் மெஷினில் வைக்கவே கூடாது. மயிர்ப்பக்கம் இரண்டும் முட்டிக்கிட்டு ஒரு துணி முன்னே நழுவும், கடைசியில் 1 செ.மீ. நீட்டி நிற்கும். இரட்டை ஓட்டு ஓட்டி, மயிர் படியுற திசையிலேயே தை.


வெள்ளிநூல் எழுதியது:

துவைக்கிறது: பச்சைத் தண்ணி, கையால், உள்பக்கம் வெளியே திருப்பி. துணி மென்மையாக்குற திரவம் ஸ்பாண்டெக்ஸுக்கு ஆகாது. பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் தட்டையாக் காயப் போடுங்க. துணி காய வைக்கிற மெஷினில் போட்டால் புதுசாப் போட்ட எலாஸ்டிக்கும் கல்லின் பசையும் ஒண்ணா இளகும்.


சாட்ஸ்வொர்த் அம்மா எழுதியது:

பின்மடிப்பு 2, முன்மடிப்பு 2.5, கவட்டை 1 வச்சுத் தைச்சாச்சு. சுற்று 105. கால் திறப்பு 43 வந்தது, எலாஸ்டிக் 39 போட்டேன், சேர்ப்புக்கு மேலே 1. குனிஞ்சாலும் பின்பக்கம் ஏறலை, இரண்டு விரல் நுழையுது, தோள் இரண்டரை செ.மீ. தூக்குது. இடது கால் முன்பக்கம் மட்டும் லேசா அலை மாதிரி நிற்குது.


ஊசிக்கண் எழுதியது:

முன்பக்கம் எலாஸ்டிக் தைக்கும்போது துணியை இழுத்திருக்கீங்க. அந்த 10 செ.மீ. மட்டும் பிரிச்சு, துணியையும் எலாஸ்டிக்கையும் மேசையில் தட்டையா வச்சு, இரண்டையும் இழுக்காமல் திரும்பத் தைங்க. வலது காலைத் தொட வேண்டாம்.